எழுபது வளைவும் பதினைந்தாயிரம் ரூபாய் சைக்கிளும்

ஜனவரி 9, வெள்ளி – ஈரோடு, திருச்செங்கோடு, நாமக்கல்

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணமே அதற்காகத்தான். 2021-இல் எந்தக் கடையில் கேட்டாலும் சைக்கிள் ஸ்டாக் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில், பதினைந்தாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய எம்.டி.பி., அதாவது மவுன்டன் பைக். அலுமினிய பிரேம், 27.5 இன்ச் சக்கரம், முன்னால் மூன்று பின்னால் ஏழு என்று 21 கியர். கியரெல்லாம் ஷிமானோ கம்பெனியின் டூர்னி, அவர்களின் வரிசையில் அடிப்படியில் இருப்பது. முன்னால் ஸ்பிரிங் ஷாக், டிஸ்க் இல்லாமல் ரிம்மைப் பிடிக்கிற வி-பிரேக், எடை 15 கிலோவுக்குப் பக்கம். வேலைக்குப் போய்வர, ஞாயிற்றுக்கிழமை பவானி வரை ஒரு சுற்றுச் சுற்ற என்று தினமும் உழைக்கிற வண்டி. "இதை வெச்சுக்கிட்டு மலையெல்லாம் ஏற முடியாதுங்க, அடுத்த லெவலுக்குப் போங்க" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இதே வண்டியில் ஏறவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

கூட வந்தது என் மச்சினன். அவனுடையது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைந்த வண்டி. 29 இன்ச் சக்கரம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பன்னிரண்டு.

விடியுமுன் கிளம்பினோம். மார்கழி கடைசி வாரம் என்பதால் தெருவெல்லாம் கோலம், கோயில் மைக்கில் பாட்டு. காவிரிப் பாலம் தாண்டி பள்ளிபாளையம் வந்ததும் விசைத்தறிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் வரிசையாக நின்றன. இந்த ஊர் ரிக்குகள் இந்தியா முழுக்கப் போய்க் கிணறு போடுகின்றன. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி, சூடான கொத்தமல்லிச் சட்னி. ஆளுக்கு 60 ரூபாய்க்கு வயிறு நிறைந்துவிட்டது.

பட்டன் டயர் தார் ரோட்டில் இழுக்கத்தான் செய்யும். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கிற உச்ச அளவுக்குப் பக்கமாகக் காற்றடித்து வைத்திருந்தேன். அப்படியும் மச்சினனின் வண்டி என்னைவிட லேசாக உருண்டது. மறைக்க வேண்டியதில்லை, நல்ல சக்கரம் நல்ல சக்கரம்தான்.

நாமக்கல் நெருங்க நெருங்கக் கோழிப்பண்ணை வாசனை. முட்டை லாரிகள் கடக்கும்போது டிரைவர்கள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். மதிய வெயிலில் ஊருக்குள் நுழைந்து, மேலே கூரையில்லாமல் வானம் பார்த்து நிற்கிற 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டோம். லாட்ஜில் சைக்கிளை மாடிக்கு ஏற்றக்கூடாது என்றார்கள். சரி என்று நின்றபோது, ரிசப்ஷனில் இருந்த பெரியவர் தானே எழுந்துவந்து மாடிப்படிக்குக் கீழே இருந்த அட்டைப் பெட்டிகளை ஒதுக்கி, "இங்கெ வைங்க கண்ணு, நான் ராத்திரி பூரா இங்கதான் இருப்பேன்" என்றார். இரவு பரோட்டாவும் கலக்கியும். கலக்கி 25 ரூபாய். முட்டை ஊரில் சாப்பிடுகிற கலக்கிக்கு ஒரு தனி ருசி என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஜனவரி 10, சனி – காரவள்ளி, எழுபது வளைவு, செம்மேடு

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. மலை இங்கே திடீரென்று சுவராக எழும்பி நிற்கிறது. அடிவாரக் கடையில் டீ 12 ரூபாய். கடைக்கார அம்மா எங்கள் தண்ணீர் பாட்டில்களைக் கேட்டு வாங்கி, பானைத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். "மேல பாதி வழியில கடை கெடையாது சாமி, கொரங்கு மட்டுந்தான் இருக்கும்" என்றார்.

வளைவுகளுக்கு எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். 1/70, 2/70 என்று ஏறுமுகமாகப் போகிறது. இங்கேதான் விலை குறைந்த எம்.டி.பி.யின் முதல் நல்ல குணம் தெரிந்தது. என் வண்டியில் முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு 24 பல், பின்னால் பெரியதற்கு 28 பல். இந்தக் கியரில் பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி இரண்டு மீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும். நடக்கிற வேகம்தான், ஆனால் மூச்சு வாங்காமல் மிதித்துக்கொண்டே இருக்கலாம். 15 கிலோ வண்டி என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, ஏறுகிற ஆள் எழுபத்தைந்து கிலோ இருக்கும்போது வண்டியில் இரண்டு மூன்று கிலோ கூடினால் என்ன குறைந்தால் என்ன? மலை ஏறுவதற்கு முக்கியம் கீழ்க் கியர். அது இந்த விலையிலேயே கிடைக்கிறது.

ஷாக் மட்டும் ஏற்றத்தில் தொந்தரவு. எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் அமுங்கி அமுங்கி எழும்புகிறது. பூட்டி வைக்கிற வசதி இதில் கிடையாது. உட்கார்ந்தே மிதிப்பதுதான் வழி.

பத்து வளைவு தாண்டியதும் குளிர ஆரம்பித்தது. இருபத்தைந்துக்கு மேல் மூடுபனி. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு இறங்கின, எல்லாம் கீழே சேகோ ஆலைகளுக்குப் போகிறவை. ஒவ்வொரு லாரியும் கடக்கும்போது பிரேக் லைனிங் கருகுகிற வாசனை ரோட்டிலேயே நின்றது. குரங்குகள் தடுப்புச் சுவரில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தன. ஒரு கார்க்காரர் ஜன்னல் வழியே பிஸ்கட் வீசினார். அதை எடுக்க ஒரு குட்டி ரோட்டின் நடுவுக்கே ஓடிவந்தது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அடுத்த லாரி வளைவில் திரும்பும்போது அந்தக் குட்டி அங்கேதான் நிற்கும்.

நாற்பதைத் தாண்டியதும் 'டக்' என்று ஒரு சத்தம். பெடல் சட்டென்று கனத்துவிட்டது. பின் கியர் ஒயர், கைப்பிடி ஷிஃப்டருக்குள்ளே தலைப்பகுதியில் அறுந்துவிட்டது. ஒயர் அறுந்தால், பல்சக்கரம் மாற்றித் தருகிற டீரெய்லரின் ஸ்பிரிங் செயினைக் கடைசிச் சின்னப் பல்லுக்குத் தள்ளிவிடும். என் வண்டியில் அது 14 பல். 28-க்குப் பதில் 14 என்றால் ஒவ்வொரு மிதியும் சரியாக இருமடங்கு கனம். இன்னும் இருபத்துச் சொச்சம் வளைவு மிச்சம்.

இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தது மேல் முனைதான், மீதி ஒயர் முழுசாக இருக்கிறது. அதை முன் உறையிலிருந்து உருவிவிட்டேன். மச்சினன் சீட்டைப் பிடித்துப் பின் சக்கரத்தைத் தூக்கி, கையால் பெடலைச் சுற்றினான். நான் ஒயரின் நுனியை விரலில் சுற்றி மெதுவாக இழுத்தேன். செயின் 16, 18, 20 என்று ஒவ்வொரு பல்சக்கரமாக 'கடக், கடக்' என்று ஏறி 24 பல்லுக்கு வந்ததும் நிறுத்தி, தண்ணீர் பாட்டில் கூண்டை பிரேமில் பிடித்திருக்கிற நட்டுக்குக் கீழே ஒயரை ஒரு சுற்றுச் சுற்றி, 4 மி.மீ. ஆலன் சாவியால் இறுக்கினேன். பின்னால் ஒரே கியர், முன்னால் மூன்று. விரலில் ஒயர் வெட்டிய கோடு மூன்று நாள் இருந்தது. "மச்சான், என் வண்டியில இது நடந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்?" என்று கேட்டான். அவன் வண்டியில் ஒயர் முழுக்க பிரேமுக்குள்ளே ஓடுகிறது, வழியில் வைத்து உருவுவது சுலபமில்லை.

எழுபதாவது வளைவில் போட்டோ எடுத்துக்கொள்ள ஒரே கூட்டம். சேலத்திலிருந்து பைக்கில் வந்த பையன்கள் எங்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்கள். சோளக்காட்டில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப், சின்ன டம்ளர் 30 ரூபாய். கிழங்கின் மேலே ஆட்டுக்கால் ரோமம்போல் அடர்ந்திருக்கும், அதைச் சீவி எடுத்துவிட்டு மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று விற்கிறார்கள். வலி போனதா என்று தெரியாது, குளிருக்கு அதைவிட நல்லது வேறில்லை. நான் இரண்டு குடித்தேன்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. அதற்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு டயர் பஞ்சர் கடை. டூவீலர் டியூப்கள் தொங்கிய கடையில் தயங்கித்தான் கேட்டேன். கடைக்காரர் பேசாமல் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே சுருள் சுருளாகக் கியர் ஒயர். "இங்க பசங்க எல்லாம் கியர் சைக்கிள்தானுங்க, மாசம் ரெண்டு மூணு அறுத்துட்டு வருவானுங்க" என்றார். ஷிஃப்டருக்குள்ளே மாட்டிக்கொண்டிருந்த ஒயரின் தலையை ஊசியால் நெம்பி எடுத்து, புது ஒயரைக் கோத்து, கியர் ஏழும் விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கடைசியில் வெட்டிய நுனி பிரியாமல் இருக்க ஃபெவிக்விக் ஒரே ஒரு சொட்டு. ஒயர் 40, கூலி 50. நான் நூறு கொடுத்தேன், பத்தைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு – வளப்பூர் நாடு, அறப்பளீஸ்வரர் கோயில்

காலையில் நல்ல குளிர். குளிரைப் பார்த்து எழுந்திருக்க மனமில்லாமல், எட்டு மணிக்குத்தான் வெளியே வந்தோம்.

கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கெல்லாம் நாடு என்று பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு. செம்மேட்டிலிருந்து கோயில் வரை ரோடு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிறது. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. அறுவடைக் காலம். வீட்டு வாசலில், களத்தில், சில இடங்களில் ரோட்டு ஓரத்திலேயே காப்பிப் பழத்தைக் காயப்போட்டிருந்தார்கள். புளித்த வாசனை வழி முழுக்கக் கூடவே வந்தது. ஒரு பாட்டி சைக்கிளை நிறுத்தச்சொல்லி, பழத்தின் மேல் டயர் ஏறாமல் போகும் வழியைக் கைகாட்டிவிட்டு, மலைவாழைப் பழம் நாலைக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "போற வழியில திங்கறதுக்குத்தானே" என்றார்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் அமைதியான தரிசனம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்கவேண்டும். இறங்கினோம். நேற்று மிதித்த காலுக்கு இன்று படி, ஏறி வரும்போது தொடை இரண்டும் நடுங்கின. ஆனால் ஐயாற்றின் அந்த வீழ்ச்சிக்கு அடியில், முகத்தில் சாரல் பட நின்றபிறகு யாரும் படியைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார்கள்.

திரும்பும்போது தார் ரோட்டை விட்டு ஒரு கிராமத்து மண் ரோட்டில் இறங்கினோம். என் வண்டி இதற்குத்தான் செய்தது. அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். செம்மண்ணில் நன்றாகப் பிடித்தது. நேற்று ஏற்றத்தில் தொல்லை கொடுத்த ஷாக் இங்கே கல்லையும் வேரையும் விழுங்கிக்கொண்டது, மணிக்கட்டு வலிக்கவில்லை. வேகமாக இறங்கினால் ஸ்பிரிங் அடிவரை போய் 'டொக்'கென்று இடிக்கிறது. அதனால் இதில் குதிக்கக்கூடாது, தாவக்கூடாது. கிராமத்து மண் ரோட்டில் நிதானமாக ஓட்டுவதற்கு இதுவே தாராளம்.

மச்சினனின் பின் டயரில் ஒரு முள். பஞ்சரை வழியிலேயே ஒட்டிவிட்டோம். காற்றடிக்கும்போது அவனுடைய குட்டிப் பம்பின் பிளாஸ்டிக் நெம்புகோல் உடைந்துவிட்டது. என் பம்பு என் வால்வுக்கு மட்டும்தான். என் ஸ்பேர் டியூபைக் கொடுக்கலாமென்றால் அதுவும் முடியாது. அவன் ரிம்மில் வால்வு ஓட்டை 6 மி.மீ., என் டியூபின் வால்வு 8 மி.மீ. அந்தத் தடித்த வால்வு, பைக்கிலும் காரிலும் இருப்பதே. எந்தப் பெட்ரோல் பங்கிலும் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். அவனுடையது மெல்லிய பிரெஸ்டா வால்வு.

தள்ளிக்கொண்டே செம்மேட்டுக்கு வந்தோம், நேற்றைய கடைக்கே. கம்ப்ரசர் குழாய் பொருந்தவில்லை. கடைக்காரர் அவன் வால்வையே கொஞ்ச நேரம் பார்த்தார். பின்னால் போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இலவச சைக்கிளுக்கு அடிக்கிற பழைய பம்பைத் தூக்கி வந்தார். நின்றுகொண்டு காலால் மிதித்துப் பிடித்து அடிக்கிற அந்த நீளப் பம்புதான். வால்வின் சின்ன நட்டைத் தளர்த்தி, ரப்பர் குழாயின் வாயை அதன்மேல் வைத்து, ஒரு துணியைச் சுற்றிக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டார். நான் அடித்தேன். காற்று போயிற்று! நம் ஊர் பழைய சைக்கிள் வால்வின் வாயும் இந்த பிரெஸ்டாவின் வாயும் கிட்டத்தட்ட ஒரே பருமன். மச்சினன் லட்ச ரூபாய் வண்டியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அவனுக்கு வந்த சந்தோஷம் எனக்கும் வந்தது. இதற்கு அவர் காசே வாங்கவில்லை. "காத்துக்கு என்னங்க காசு?"

இரவு சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும், 180 ரூபாய். சாமை உதிரி உதிரியாக, குழம்பில் இந்த மலை மிளகு காரம். நேற்றே இந்தக் கடைக்கு வந்திருக்கலாம்.

ஜனவரி 12, திங்கள் – இறக்கம்

இன்றைக்குத்தான் மச்சினனின் வண்டிக்கு முழு மதிப்பெண். மூடுபனியில் ரோடெல்லாம் ஈரம். வி-பிரேக்கில் ரிம் நனைந்தால், பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். அந்த ஒரு விநாடி கொண்டை ஊசி வளைவில் ரொம்ப நீளம். அவனுடைய ஹைட்ராலிக் டிஸ்க் ஒற்றை விரலில் நின்றது. அதனால் நான் வளைவுக்கு வெகு முன்பே லேசாகப் பிரேக்கைத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டு, பிறகு முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடித்து இறங்கினேன். தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகிவிடும். பத்துப் பத்து வளைவுக்கு ஓரமாக நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன்.

முப்பதுகளில் 'கர்ர்' என்று அரைக்கிற சத்தம். கட்டையைக் கழற்றிப் பார்த்தால் ரப்பருக்குள்ளே மினுக் மினுக்கென்று அலுமினியச் சில்லுகள் பதிந்திருந்தன. ஈர மண் ரிம்மை அரைத்து, அந்தத் தூள் கட்டையில் குத்திக்கொண்டு, மறுபடி ரிம்மையே சுரண்டும். சட்டையில் குத்தியிருந்த ஊக்கால் ஒவ்வொரு சில்லாக நெம்பி எடுத்தேன். ஏழெட்டு வந்தன. ஒரு நிமிட வேலை, சத்தம் நின்றுவிட்டது. விலை குறைந்த வண்டி வைத்திருப்பவர்கள் மலை இறங்கும்போது இந்த வேலையைத் தவறவிடாதீர்கள், ரிம் போனால்தான் உண்மையான செலவு.

அடிவாரத்துக் கடை அம்மா எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "ரெண்டு பேரும் முழுசா வந்துட்டீங்களா" என்று சிரித்தார். இந்த முறை டீக்குக் காசு வாங்கவில்லை. சேந்தமங்கலம் ரோட்டில் பொங்கலுக்குக் கரும்புக் கட்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஜோடி நூறு ரூபாய், சைக்கிளில் எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் விட்டுவிட்டோம். மிச்ச தூரம் வெயில், எதிர்க்காற்று. இருட்டி வெகு நேரம் கழித்து வீடு.

ஜனவரி 13, செவ்வாய் – ஈரோடு, சைக்கிள் கடை

நான் வழக்கமாகப் போகிற கடைக்காரர் பின் சக்கரத்தைக் கழற்றி அச்சைச் சுற்றிப் பார்த்தார். இந்த விலை வண்டிகளில் பின் பல்சக்கரம் மரை போட்டுத் திருகுகிற ரகம். அதில் அச்சின் வலது பக்கத்தில் தாங்குகிற பேரிங் உள்ளே தள்ளி இருக்கும், அதனால் பாரம் கூடினால் அச்சு வளைவது சகஜம். நல்லவேளை, வளையவில்லை. பேரிங்கை அழுத்திப் பிடிக்கிற கோனை மட்டும் இறுக்கினார். ஸ்போக் 36-ம் தட்டிப் பார்த்ததில் இரண்டு தளர்ந்திருந்தன. செயின் நீண்டிருந்தது, மாற்றியாயிற்று. செயின் 350, பிரேக் கட்டை இரண்டு ஜோடி 240, கூலி 200. முன் பல்சக்கரங்கள் மூன்றும் ரிவெட் அடித்து ஒன்றாகச் சேர்த்தவை. அவை தேய்ந்தால் தனித்தனியாக மாற்ற முடியாது, கிராங்கோடு மாற்றவேண்டும். இது இந்த ரகத்தில் எனக்குப் பிடிக்காத விஷயம்.

வழியில் சைக்கிளைப் பார்த்துவிட்டு, தன் மகனுக்கு வாங்கவேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். இப்போது நல்ல நேரம், 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. இந்த விலையில் பின்னாலும் ஷாக் வைத்த வண்டி வேண்டவே வேண்டாம். எடை கூடும், மூட்டுகள் சீக்கிரம் ஆடிப்போகும். பின் கியர் தொங்குகிற கொக்கி பிரேமோடு ஒட்டியதா, தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதா என்று பாருங்கள். கீழே விழுந்தால் முதலில் வளைவது அதுதான். முன் சின்னப் பல்சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள், பின்னால் 28 என்றால் முன்னால் அதைவிட அதிகம் இருக்கவேண்டாம். பையன் நடுக் கம்பிக்கு மேல் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கவேண்டும், இடையில் இரண்டு விரல்கடை இடமாவது இருக்கவேண்டும். வளர்கிற பையன் என்று பெரிய பிரேமாக எடுத்துவிடாதீர்கள், சீட்டை உயர்த்திக்கொள்ளலாம், பிரேமைக் குறைக்க முடியாது.